குன்றின் மேல் ஆளில்லாக் கருவி: இந்திய அமெச்சூர் வானொலியும் உரிமச் சட்டமும்

இந்திய அமெச்சூர் வானொலியின் வரலாறு பெரும்பாலும் பேரிடர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. 1999 ஒடிசா புயல், 2001 குஜராத் நிலநடுக்கம், 2004 ஆழிப்பேரலை என ஒவ்வொன்றிலும் தொலைபேசி செயலிழந்த வேளையில் ஹாம்கள் செய்தி கொண்டுசென்ற கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அவை உண்மையான கதைகள், சொல்லப்பட வேண்டியவை. ஆயினும் ஒரு சமூகத்தின் வரலாற்றை அதன் வீர நாட்களைக் கொண்டு மட்டும் எழுதினால், எஞ்சிய ஆயிரக்கணக்கான சாதாரண மாலைகளில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தனர், எந்தக் கருவிகளை எங்கே நிறுவினர், அதற்கு அரசிடம் என்ன விலை கொடுத்தனர் என்ற கேள்விகள் கேட்கப்படாமலேயே போகும். அக்கேள்விகளுக்குள் நுழைய ஏற்ற வாயில் ரிப்பீட்டர் எனப்படும் எளிய கருவி. அது தனிநபர்களின் கைக்காசில் கட்டப்பட்டுப் பொதுவுக்கு விடப்படுவது. இந்திய வானலைச் சட்டத்தின் கற்பனைக்குள் எளிதில் அடங்காதது.

முதலில் இயற்பியலைச் சற்றே பார்க்கலாம். 144 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்த உயரத்திலிருந்து அலை எட்டக்கூடிய தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். பத்து மீட்டர் உயர மொட்டைமாடியில் நிறுத்திய ஆன்டெனாவுக்கு அது 13 கிலோமீட்டர். தரையில் நின்று கையடக்கக் கருவியில் பேசுபவருக்கு ஐந்து. இடையே கட்டடங்கள் இருந்தால் அதுவும் இல்லை. சேலத்துச் சமவெளியைக் காட்டிலும் சுமார் 1,200 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஏற்காட்டின் உச்சிக்கோ அதே கணக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் விடை தருகிறது. கீழே பேசுபவரின் மெல்லிய அலையை ஓர் அலைவரிசையில் வாங்கி, அதே கணத்தில் வேறோர் அலைவரிசையில் வலுவாகத் திருப்பி ஒலிபரப்பும் கருவியை அங்கே வைத்துவிட்டால், ஐந்து கிலோமீட்டர் எட்டாத இருவர் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் உரையாடலாம். ரிப்பீட்டர் என்பது இவ்வளவுதான். இங்கே ஆற்றலைவிட உயரமே பெரிது. ஆகவே இதன் வரலாறு மின்னணுவியலின் வரலாறாக இருப்பதைப் போலவே இடத்தின் வரலாறாகவும் இருக்கிறது: யாருக்கு மலையுச்சி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதன் வரலாறு.

சட்டம் இந்தக் கருவிக்கு மிகவும் முந்தையது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்தியை அரசின் தனியுரிமையாக்கிற்று. கம்பியற்ற தந்தி கண்டுபிடிக்கப்படாத காலத்துச் சட்டம் அது. பின்னர் அதன் வரையறைக்குள் கம்பியற்றதும் இழுத்துக்கொள்ளப்பட்டது. 1921இல் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்தா முதல் இந்திய அமெச்சூராக உரிமம் பெற்றார். முகுல் போஸ் அவரைப் பின்தொடர்ந்தார். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 மே மாதத்தில் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கி, சூலை 31 முதல் ஒலிபரப்பும் செய்தார். கழகம் பணமின்றி 1927இல் நின்றபோது அதன் ஒலிபரப்பிக் கருவி சென்னை மாநகராட்சிக்குத் தரப்பட்டது. 1930இல் மாநகராட்சி அதைக் கொண்டு தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. ஆர்வலர் கட்டியதை நிறுவனம் கைக்கொள்ளும் இந்த நிகழ்வு இந்திய ஒலிபரப்பின் தொடக்கத்திலேயே நடந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. 1933ஆம் ஆண்டின் கம்பியற்ற தந்திச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கருவியைப் பயன்படுத்துவதற்கு மட்டுமன்று, உரிமமின்றி அதை வைத்திருப்பதற்கே அது தடை விதித்தது.

அந்தத் தடையின் பொருள் 1939இல் தெளிவாயிற்று. போர் தொடங்கியதும் அமெச்சூர்கள் தங்கள் ஒலிபரப்பிகளை ஒப்படைக்குமாறு ஆணையிடப்பட்டனர். மூன்றாண்டுகளுக்குப் பின், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் நாட்களில், பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய காங்கிரஸ் வானொலிக்குக் கருவியமைத்துத் தந்தவர் நரிமன் பிரின்டர் என்னும் அமெச்சூர். ஒவ்வொரு வீடாக இடம் மாற்றி இயங்கிய அந்நிலையம் 1942 நவம்பர் 12 அன்று காவல்துறையிடம் பிடிபட்டது. காட்டிக்கொடுத்தவரும் கருவியமைத்த தொழில்நுட்பரே என்று உஷா மேத்தா பின்னாளில் கூறினார். தேசிய வரலாறு இந்நிகழ்ச்சியைத் தியாகக் கதையாகப் போற்றுகிறது, அது நியாயமே. ஆனால் அரசு இயந்திரத்தின் நினைவில் அது வேறொரு பாடமாகவும் தங்கியிருக்க வேண்டும். வீட்டில் கருவி கட்டத் தெரிந்தவர் கண்காணிக்கப்பட வேண்டியவர் என்பதே அப்பாடம். ஆட்சி மாறிய பின்பும் 1885, 1933 ஆகிய இரு சட்டங்களும் அப்படியே நீடித்தன.

விடுதலைக்குப் பின் 1948இல் மத்தியப் பிரதேசத்து மௌ நகரில், இராணுவத்தின் சிக்னல்ஸ் பள்ளியில், அமெச்சூர்களின் சங்கம் உருவாயிற்று. 1954இல் அதுவே இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கமாயிற்று. இக்காலத்து ஹாமின் கருவி இராணுவம் கழித்துவிட்ட வால்வு வானொலி. அவருடைய ஆன்டெனா செப்புக் கம்பி. 7 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீள ஆன்டெனாவுக்கு இருபது மீட்டர்க் கம்பி போதும். இரு தென்னைமரங்களுக்கிடையே கட்டிவிடலாம். சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் அவருக்கு மலையும் வேண்டியதில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் 1970 வரை நாடு முழுதும் ஆயிரம் பேர்கூட உரிமம் பெற்றிருக்கவில்லை. சிறிய, தனித்த, ஒவ்வொருவரும் தம் வீட்டு முகவரியில் அடங்கிய உலகம் அது.

1978ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகள் இந்த உலகத்தை மனத்திற்கொண்டே எழுதப்பட்டவை. உரிமம் ஒருவர் பெயருக்கு, ஒரு முகவரிக்கு வழங்கப்படும். முகவரி மாறினால் அனுமதி வேண்டும். ஒலிபரப்பியவற்றைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். வணிகச் செய்தி கூடாது, இசை கூடாது. சர்வதேச வரையறையும் அமெச்சூரைத் தனிப்பட்ட நோக்கத்துடன், பொருளாதாய விருப்பமின்றி ஈடுபடுபவர் என்றே கூறுகிறது. பெயர், முகவரி, தனிநோக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த சட்டப் பிறவியே அமெச்சூர்.

ஆன்டெனாவைப் பற்றி இங்கே ஒரு சொல். 1980களில் இந்திய வீட்டுக் கூரைகள் எங்கும் அலுமினியக் குழாய்கள் முளைத்தன. ஜப்பானியப் பொறியியலாளர்களான உடாவும் யாகியும் 1926இல் வெளிப்படுத்திய அதே வடிவம், தொலைக்காட்சியின் வரவால் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று. தமிழகத்தின் தென்கடற்கரை ஊர்களில் இலங்கையின் ரூபவாகினியைப் பிடிப்பதற்காக வழக்கத்துக்கு மீறிய உயரத்தில் கம்பம் நட்டு, பூஸ்டர் பூட்டி, திசை திருப்பிப் பார்த்தவர்கள் ஏராளம். உயரம், திசை, கேபிளில் ஏற்படும் இழப்பு ஆகியவற்றைப் பெயர் தெரியாமலேயே அறிந்த ஒரு தலைமுறை அது. ஆயினும் பக்கத்து வீட்டு ஹாமின் ஆன்டெனா மட்டும் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. தொலைக்காட்சித் திரையில் கோடு விழுந்தால் பழி முதலில் அவர் மேல்தான் விழுந்தது. சில வேளைகளில் நியாயமாகவே.

மாற்றம் 1984இல் வந்தது. கம்பியற்ற கருவிகளுக்கான இறக்குமதித் தீர்வை அமெச்சூர்களுக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. ராஜீவ் காந்தி உரிமம் பெற்ற ஹாம் என்பது அக்காலத்தில் இத்துறைக்குக் கிடைத்த பெரிய வலிமை. 1980இல் சுமார் 1,500ஆக இருந்த உரிமதாரர் எண்ணிக்கை 2000ஆம் ஆண்டில் பத்தாயிரத்தை எட்டியது. இப்பெருக்கத்தின் உள்ளமைப்பே முக்கியமானது. மோர்சுத் தேர்வின்றிக் கிடைத்த கட்டுப்படுத்தப்பட்ட தர உரிமம் மிகை அதிர்வெண் பட்டையில் குரல்வழிப் பேச்சுக்கு வழி திறந்தது. அவ்வழியே வந்த மாணவர்க்கும் சிறுநகர ஆர்வலர்க்கும் உலகைச் சுற்றும் சிற்றலை எட்டாக் கனி. கையிலிருந்த சிறு கருவி ஊர் எல்லையைத் தாண்டாது. அவர்களுடைய வானமே ரிப்பீட்டர்தான். பெங்களூரு, மும்பை, ஹைதராபாத் போன்ற நகரங்களிலும் ஏற்காடு, கொடைக்கானல் போன்ற மலைகளிலும் அமெச்சூர்கள் ரிப்பீட்டர்களை நிறுவியதன் சமூகப் பின்புலம் இதுவே. மாலையில் ஒரு மாவட்டத்தின் எழுத்தரும் மருத்துவரும் கல்லூரி மாணவரும் ஒரே அலைவரிசையில் சந்தித்தனர். யார் எந்தத் தெரு என்று கேட்காமல் அழைப்புக் குறியால் மட்டும் ஒருவரையொருவர் விளித்த அந்தப் பேச்சுவெளி, இந்தியச் சூழலில் சிறிய செய்தியன்று.

கட்டுவது எளிதாக இருக்கவில்லை. வாங்கியும் ஒலிபரப்பியும் ஒரே இடத்தில், 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். வாங்கி கேட்க முயலும் குரலைவிட அருகிலுள்ள ஒலிபரப்பியின் ஆற்றல் கோடி கோடி மடங்குக்கும் மேல். கடலின் இரைச்சலுக்கு நடுவே கரையில் ஊசி விழும் ஓசையைக் கேட்கும் வேலை அது. இவ்விரண்டையும் பிரிக்கும் டூப்ளெக்சர் என்பது ஏறத்தாழ அரை மீட்டர் உயரமுள்ள உலோக உருளைகளின் தொகுதி. ஒவ்வொன்றையும் திருகித் திருகி உரிய அலைவரிசைக்கு இசைக்க வேண்டும். பித்தளை, செப்புக் குழாய்களைக் கடைந்து இவற்றைத் தாமே செய்துகொண்டவர்களும் உண்டு. மழைக்காலத்து இடி, மின்வெட்டு, பேட்டரியின் முதுமை, கேபிள் இணைப்பில் இறங்கும் நீர் ஆகிய ஒவ்வொன்றும் யாரோ ஒருவரை விடுமுறை நாளில் மலையேற வைத்தது. இவ்வுழைப்புக்கு எந்த ஆவணக் காப்பகத்திலும் கோப்பு இல்லை. இத்துறையில் ஆய்வு செய்ய முனைவோர் வாய்மொழி வரலாற்றை இப்போதே பதிவுசெய்ய வேண்டியதன் அவசரமும் இதுதான். அக்கரங்கள் மூப்பெய்தி வருகின்றன.

சட்டச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ரிப்பீட்டருக்குப் பெயருடைய மனிதர் அருகில் இல்லை. அதன் முகவரி யாருடைய வீடும் அன்று. அது ஒலிபரப்புவது தன் உரிமையாளரின் பேச்சையும் அன்று. வழியே செல்லும் எவருடைய குரலையும் அது எடுத்துச் சொல்லும். உரிமத் தாள் கற்பனை செய்த அமெச்சூரின் மூன்று இலக்கணங்களும் மலையுச்சியில் உடைந்துபோகின்றன. எனவேதான் அதற்குத் தனி அனுமதி, தனி அழைப்புக் குறி, பொறுப்பேற்க ஒரு கழகம் எனப் புறத்திண்ணையில் ஓர் ஏற்பாடு. தனிநோக்கத்துக்கு உரிமம் பெற்றவர்கள் சேர்ந்து பொதுப்பொருள் ஒன்றைப் படைத்தால் அதை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதற்கு விதிகளிடம் சொல் இல்லை.

அரசின் இரு முகங்களும் அடுத்தடுத்துத் தெரிந்த ஆண்டுகள் 2004, 2005. பாதுகாப்புக் காரணங்களால் நெடுங்காலம் அமெச்சூர்களுக்கு மூடப்பட்டிருந்த அந்தமான் தீவுகளில் ஒலிபரப்ப, பாரதி பிரசாத் தலைமையிலான குழு 2004 டிசம்பரில் அனுமதி பெற்றிருந்தது. 26ஆம் தேதி கடல் எழுந்தபோது அவர்கள் போர்ட் பிளேரில் இருந்தனர். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த முதன்மை நிலத்துடன் சிற்றலையில் தொடர்பு ஏற்படுத்தியது அக்குழு. அனுமதி கிடைத்தது தற்செயல். அது மறுக்கப்பட்டிருந்தால் கருவிகள் அங்கே இருந்திரா. ஐந்து மாதங்கள் கழித்து, 2005 மே 5 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ஏவுகலம் கார்ட்டோசாட்-1உடன் ஹாம்சாட் என்ற 42.5 கிலோகிராம் செயற்கைக்கோளையும் சுமந்து சென்றது. 435 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வாங்கி 145 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் திருப்பியனுப்பும் அது, சாராம்சத்தில், வானில் நிறுத்திய ரிப்பீட்டரே. அதிலிருந்த இரு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்று இந்தியாவில் உருவானது. மற்றொன்று நெதர்லாந்து மாணவர் ஒருவர் செய்தது. இரண்டாண்டு ஆயுள் எதிர்பார்க்கப்பட்ட அது 2014 சூலை வரை உழைத்தது. அவ்வொன்பது ஆண்டுகளும் அமெச்சூர்களுக்கு மலையுச்சிக்காக எவரையும் கெஞ்ச வேண்டிய தேவை, செயற்கைக்கோள் தலைக்குமேல் கடக்கும் சில நிமிடங்களுக்கேனும், இல்லாதிருந்தது.

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் தொலைக்காட்சியையும் அலைக்கற்றை ஏலத்தையும் சுற்றியே நிகழ்ந்தன. பொதுச்சொத்தைப் பொதுமக்களே பராமரித்துப் பகிர்ந்துகொண்ட ஒரே உதாரணமான அமெச்சூர் பட்டைகளை அவ்விவாதங்கள் கண்டுகொள்ளவில்லை. ‘ஒரே’ என்பது மிகையெனக் கருதுவோர் சமூக வானொலியைச் சுட்டலாம். ஆனால் அங்கே நிறுவனம் பேசுகிறது, மக்கள் கேட்கின்றனர். ரிப்பீட்டரில் அப்பிரிவினை இல்லை.

செல்பேசி வந்தபின் மாலைப் பேச்சு மெலிந்தது. 446 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த ஆற்றல் கொண்ட வாக்கி-டாக்கிகளுக்கு 2018இல் உரிம விலக்குத் தரப்பட்டது. அதே நேரத்தில் உரிமம் தேவைப்படும் மலிவான கருவிகளும் இணையக் கடைகளில் வேறுபாடு சொல்லப்படாமல் குவிந்தன. 2025இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவ்விற்பனைக்கு நெறிமுறை வகுக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் 1885, 1933 சட்டங்களுக்கு மாற்றாக 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. கருவி வாங்குவது முன்னெப்போதையும்விட எளிது. அதற்கு உயரம் தேடித்தருவது இன்றும் கழகத்தாரின் கைக்காசும் கால்நடையும்தான். பெயரும் முகவரியும் கேட்ட பழைய சட்டங்களுக்கு மாற்றுச் சட்டம் வந்துவிட்டது. குன்றின் மேலுள்ள ஆளில்லாக் கருவி யாருடையது என்ற கேள்விக்குப் புதிய சட்டத்தின் கீழான விதிகளாவது ஒரு சொல்லைத் தேடுமா என்பது இனித்தான் தெரியும்.