மாஞ்சோலை ரோடும் ஒரு சைக்கிள் கேள்வியும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் பெங்களூரிலிருந்து பேசினான். கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐம்பது, நூறு கிலோமீட்டர் போய் வருகிற பழக்கம். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"சார், வெளிநாட்டுல மலைக்காட்டுக்குள்ள கார் போகாத ரோடாப் பார்த்து சைக்கிளுக்குன்னே விட்டுருக்காங்க. நம்ம மாஞ்சோலை ரோட்டையும் அப்படி விட்டா என்ன? தோட்டத்த மூடியாச்சு, ஆளும் இறங்கியாச்சு. ரோடு சும்மாதான கெடக்கு?"

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் "சும்மாதான கெடக்கு" என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்பது வருடம் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அவனுக்குப் போனில் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. பொதிகை மலையில் கார் இல்லாத பாதை புதிய சங்கதி இல்லை. ஆரம்பத்தில் இருந்தது அது மட்டும்தான். மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி பக்கம் வாழும் காணி மக்கள் தேனும் கிழங்கும் எடுத்து நடந்த தடங்கள்தான் இந்த மலையின் முதல் சாலைகள். அடுத்தது சாமி கும்பிடப் போனவர்களின் வழி. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நம் பாட்டன்மார் கூண்டு வண்டி கட்டிக்கொண்டும் நடந்தும் போனார்கள். ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கி, பொங்கித் தின்று, திருவிழா முடிந்துதான் இறங்குவார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் அங்கே காட்சி கொடுப்பது வழக்கம். அந்த வழக்கத்தின் கடைசி ராஜாவான முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமானார்.

வண்டித்தடம் ரோடானது தண்ணீருக்காகவும் மின்சாரத்துக்காகவும். சென்னை மாகாணத்தில் பைக்காரா, மேட்டூருக்கு அடுத்து 1944இல் பாபநாசத்தில் நீர்மின்சாரம் வந்தது. அதற்காகக் காரையாற்றில் கட்டியதுதான் இன்றைக்கும் நாம் பேப்பரில் நீர்மட்டம் பார்க்கிற 143 அடி அணை. சிமெண்டும் இரும்பும் மேலே போக வேண்டுமென்றால் லாரி போக வேண்டும். லாரி போக வேண்டுமென்றால் ரோடு வேண்டும்.

மாஞ்சோலை ரோடு தேயிலைக்காகப் பிறந்தது. அந்தக் கதைக்குப் பர்மாவில் இருந்து வர வேண்டும்.

பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1863இல் பம்பாயில் தொடங்கிய கம்பெனி. பர்மாவில் தேக்கு வெட்டியது. வெட்டிய மரத்துக்குக் கணக்குக் காட்டவில்லை என்று பர்மா அரசு பெருந்தொகை அபராதம் போட்டது. அந்தத் தகராறைச் சாக்காக வைத்துத்தான் 1885இல் வெள்ளைக்காரன் படையெடுத்துத் தீபா மன்னரைப் பிடித்து ரத்தினகிரிக்கு நாடு கடத்தினான். அதே கம்பெனி 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் 8,373 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அந்தக் குத்தகைக்குள் முளைத்த ஊர்கள். 1952இல் ஜமீன் ஒழிந்து காடு அரசுக்கு வந்தது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. அதன் கடைசி வருடம் 2028.

காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் யார்? கங்காணிமார் கீழே கிராமங்களில் இருந்தும் கேரளப் பக்கத்தில் இருந்தும் கூட்டிக்கொண்டு போன ஜனங்கள். அதில் பெரும்பகுதி நிலம் இல்லாத தலித் மக்கள். அட்டைக்கடி, விடாத மழை, குளிர். லைன் வீடுகளில் மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்தார்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று ஐந்து ஊர் ஆனது. அந்த ஊர்களுக்குக் கீழே இறங்க இருந்தது மணிமுத்தாறு வழியாகக் கல்லிடைக்குறிச்சி வருகிற இந்த ஒரே ரோடு. அரிசியும், பிரசவ வலி கண்ட பெண்ணும், பரீட்சை எழுதுகிற பிள்ளையும் எல்லாமே இந்த ரோட்டில்தான் வர வேண்டும்.

நானும் அந்த ரோட்டில் சைக்கிளில் போனவன்தான். 1978 டிசம்பர் விடுமுறை. எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு மாணவனின் தகப்பனார் கூப்பிட்டிருந்தார். நாங்கள் மூன்று வாத்தியார்கள். ஆளுக்கொரு வாடகை சைக்கிள். டைனமோ, கேரியர், நகராட்சி வரி கட்டியதற்கு அடையாளமாகத் தகர வில்லை எல்லாம் உண்டு. கியர் மட்டும் கிடையாது. மணிமுத்தாறு அணையில் இருந்து மாஞ்சோலை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அதற்குள் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். இப்போது பிள்ளைகள் இருபது கியர் வைத்து மிதித்து ஏறுகிறார்கள். நாங்கள் முக்கால்வாசி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனோம். கொண்டை ஊசி வளைவில் லாரி வந்தால் சைக்கிளோடு பாறையில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இறங்கும்போதுதான் வேடிக்கை. நாலு வளைவு திரும்புவதற்குள் என் பிரேக் கட்டை தேய்ந்து கருகல் வாடை வந்துவிட்டது. எதிரே ஏறிவந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "வாத்தியாரையா, இப்படிப் போனா அணைக்குள்ளதான் போய் நிப்பீய" என்றார். வழியில் விழுந்து கிடந்த மரக்கொப்பு ஒன்றைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். அது தரையில் இழுபட்டுச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, தூசி பறக்கக் கீழே வந்து சேர்ந்தோம். இந்த மலையில் எப்படி இறங்குவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்தப் பெரியவர்தான்.

அந்த மாதிரிப் பெரியவர்களின் பிள்ளைகள் கூலி உயர்வு கேட்டு இதே ரோட்டில் இறங்கி வந்தார்கள். 1999 ஜூலை 23. சிறையில் இருந்த தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரித் திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஜனங்கள் தாமிரபரணிக்குள் இறங்கினார்கள். கைக்குழந்தை ஒன்று உட்படப் 17 பேர் செத்துப்போனார்கள். தங்கள் மலையில் பெய்த மழைத் தண்ணீர் ஓடுகிற ஆற்றங்கரையில் நியாயம் கேட்டு வந்தவர்களுக்கு நடந்தது இது.

இன்னொரு பக்கம் காட்டின் கதை. முண்டந்துறை 1962இல் சரணாலயம் ஆனது, களக்காடு 1976இல். இரண்டையும் சேர்த்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் வந்தது. இது தேவையான காரியம். சிங்கவால் குரங்குக்கு வேறு போக்கிடம் குறைவு. இந்தச் சோலைக்காடு இல்லை என்றால் தாமிரபரணியில் கோடையில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லை என்றால் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்குக் குடிநீரும் இல்லை, நெல்லும் இல்லை. 2018இல் ஜமீன் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிய நாலு வருடம் இருக்கும்போதே, 2024இல் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தியது. அரசே தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டதை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுவாழ்வு ஏற்பாடுகளைச் செய்யச் சொன்னது. அதற்குப் பிறகும் சில குடும்பங்கள் இறங்க மனமில்லாமல் மேலேயே இருந்தன. பெற்றோரைப் புதைத்த இடத்தை விட்டு யாருக்குத்தான் கிளம்ப மனம் வரும்?

இப்போது சொல்லுங்கள், ரோடு சும்மாவா கிடக்கிறது?

கார் இல்லாத மலை என்றால் உடனே மகாராஷ்டிரத்தின் மாத்தேரானைச் சொல்வார்கள். மும்பை பக்கத்து மலை ஊர். மோட்டார் வண்டிகளை ஊருக்குள் விடுவதில்லை. காற்று சுத்தம், சத்தம் இல்லை. ஆனால் அந்தச் சுத்தமான காற்றில் மனிதனை மனிதன் கைரிக்‌ஷாவில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். ஆறு மாதத்துக்குள் அதை நிறுத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 2025 ஆகஸ்டில். கார் வேண்டாம் என்று முடிவு செய்தால் மட்டும் போதாது, அதன் பாரம் யார் தோளில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம்மிடமே இதைவிட நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. அதே சொரிமுத்து அய்யனார் திருவிழா. அண்மை ஆண்டுகளில் தனியார் வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு, ஜனங்களை அரசுப் பேருந்தில் மேலே கொண்டுபோகிறார்கள். முதல் வருடம் முணுமுணுத்தவர்கள்கூட இப்போது பழகிவிட்டார்கள். காருக்குத் தடை, பஸ்ஸுக்கு இல்லை. ஏழையும் கிழவியும் வீட்டில் நின்றுவிடவில்லை.

ஆகவே தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

மாஞ்சோலைக்குச் சொகுசுக் கார்கள் வரிசையாக ஏறுவதை நிறுத்தினால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் பஸ் நிற்கக் கூடாது. மேலே ஒரு குடும்பம் இருக்கிற வரைக்கும், காணி மக்கள் காட்டுக்குள் வாழ்கிற வரைக்கும் அவர்களுடைய வழிதான் முதல் வழி. சைக்கிளை வனத்துறை அனுமதித்தாலும் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி ஓட முடியாது. எஞ்சின் சத்தம் தூரத்திலேயே யானைக்குத் தெரிந்துவிடும், அது ஒதுங்கிக்கொள்ளும். சைக்கிள் சத்தமில்லாமல் வளைவு திரும்பிக் கரடியின் முன்னால் போய் நிற்கும். அதனால் பகலில், கூட்டாக, காடு தெரிந்த ஆளோடுதான் போக வேண்டும். காடு தெரிந்த ஆட்கள் வேலை இழந்து கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். வழிகாட்டும் கூலி அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

அதுவரை மலையைப் பார்த்துக்கொண்டே மிதிக்க அடிவாரம் போதாதா? கடையத்தில் தொடங்கி ஆழ்வார்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு. விடியற்காலையில் கன்னடியன் கால்வாய்ப் பக்கம் போனால் வயல்தான், கொக்குதான், வலது கைப்பக்கம் பொதிகைதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். டீக்கடையில் உட்கார்ந்தால், மாஞ்சோலையில் இருந்து இறங்கி வந்தவர் யாராவது பக்கத்தில் இருப்பார். பேச்சுக் கொடுங்கள்.

தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சார், பொங்கலுக்கு வாறேன். நீங்களும் வரணும்" என்றான். எழுபது தாண்டியவன், மலை ஏற மாட்டேன், கல்லிடைக்குறிச்சி வரைக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பழைய சைக்கிளுக்கு இரண்டு டியூபும் புது பிரேக் கட்டையும் வாங்க வேண்டும்.

மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு நண்பர்கள் யாரேனும் இதைப் படித்தால், அந்த ரோட்டில் உங்கள் தாத்தா பாட்டி முதன்முதலாக எப்படி ஏறினார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.