இசைக்கருவி மோதல்களின் எண்முறைப் போலச்செய்தல்

இசைக்கருவியின் அதிரும் உறுப்புகள் தம்முள்ளோ அசையாத் தடையோடோ மோதுவதை, இயக்கச் சமன்பாடுகளைச் சிறு காலப்படிகளாகப் பகுத்துக் கணினியில் கணிக்கும் ஒலியியல் முறை. பியானோச் சுத்தியல் தந்தியைத் தாக்கும் கணநேர மோதலும், தம்புராவின் தந்தி வளைந்த குதிரையை மீண்டும் மீண்டும் தொட்டு விலகும் தொடர் மோதலும் இதில் அடங்கும். பின்னதன் செறிந்த மேற்சுரங்களைச் சி. வி. இராமன் 1921இல் ஆராய்ந்தார். தொடுகை விசை, அமுங்கிய அளவின் அடுக்குச் சார்பாகக் கொள்ளப்படுகிறது; தொடுகை நீங்கியதும் அவ்விசை சுழியாகிவிடுவதால் சமன்பாடு நேரியல் தன்மையை இழக்க, எளிய வழிமுறைகளில் ஆற்றல் செயற்கையாகப் பெருகித் தீர்வு நிலைகுலையக்கூடும். ஆகவே படிதோறும் மொத்த ஆற்றலைச் சமன்செய்யும் வேறுபாட்டுத் திட்டங்கள் கையாளப்படுகின்றன. நிலைப்புத்தன்மை உறுதியாயினும், ஒவ்வொரு படியிலும் நேரியலற்ற சமன்பாட்டை நியூட்டன்-ராப்சன் போன்ற மறுசெய்கை முறையால் தீர்க்க வேண்டியிருப்பதால், நொடிக்கு 44,100 படிகள் கொண்ட ஒலித்தரத்தில் கணக்கீட்டுச் சுமை மிகுதி. ஸ்டெஃபான் பில்பாவோவும் உடனாய்வாளர்களும் 2015இல் இவ்வணுகுமுறையைப் பலவகைக் கருவிகளுக்குப் பொதுமைப்படுத்தினர்.