அச்சுக்குள் நிகழும் போட்டி

உருகிய உலோகம் உறையும்போது எண்ணற்ற சிறு படிகங்கள் முளைத்து ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. ஜெட் எஞ்சினின் கடும் வெப்பத்தில் டர்பைன் தகடுகளுக்கு இப்படிக எல்லைகளே பலவீனம். ஆகவே, ஒரே படிகத்தாலான தகட்டை 1960களில் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தார் வார்த்தெடுத்தனர். அச்சின் அடியில் சுருள்வடிவான குறுகிய வழி ஒன்றுண்டு. கீழே முளைத்த பலவற்றுள் ஒரு படிகமே அதைக் கடந்து மேலேறும்.

ஆனால் அப்போட்டியைக் கண்டவர் எவர்? அச்சு ஒளிபுகாதது. வார்த்து முடித்து அமிலத்தால் அரித்த பின்னரே வேண்டாத படிகம் வெளிப்படும், தகடு வீணாகும்.

1993-94இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மிஷேல் ரப்பாசும் சார்ல்-ஆந்த்ரே காந்தனும் கணினியில் அதற்கொரு வழி கண்டனர். வார்ப்பைச் சிறு கட்டங்களாகப் பகுத்தனர். வெப்பநிலை தாழத்தாழ, உறைந்த கட்டம் தன் படிகத்திசையை அண்டைக் கட்டத்துக்கு வழங்கும். அவ்வாறே படிகம் வளரும்.

இக்கட்டமுறை உலோகத்துக்காகப் பிறந்ததன்று. தன்னைத்தானே படைத்துக்கொள்ளும் இயந்திரம் இயலுமா என்னும் வினாவுக்காக, உலாமின் யோசனையை ஏற்று வான் நோய்மன் 1940களின் பிற்பகுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் உருவாக்கியது. பயன் கருதாத அவ்வினாவே அரை நூற்றாண்டுக்குப் பின் இருண்ட அச்சுக்குள் விளக்காயிற்று.