பாடிகாவல் முதல் பண்டு கலகம் வரை

பாடிகாவல் என்பது ஊர்க் காவலையும் அதற்காக ஊரார் செலுத்திய வரியையும் குறிக்கும். திருமயத்தை உள்ளடக்கிய புதுக்கோட்டை வட்டாரக் கல்வெட்டுகளில் இச்சொல் காணப்படுகிறது. பிற்காலப் பாண்டியர் ஆட்சி தளர்ந்தபோது, இப்பகுதி ஊரார் பாடிகாவல் உரிமையைப் படைபலம் மிக்க தலைவர்களுக்கு விற்றனர்.

மதுரைப் பகுதியில் கள்ளர் சமூகத்தினர் பலர் காவல் புரிந்து கூலி பெற்றனர். களவுபோன பொருளை மீட்பது அல்லது ஈடு செய்வது காவற்காரரின் பொறுப்பு. ஆங்கிலேயர் 1816இல் காவல் பணியை அரசுவசமாக்கிய பின்னரும் பழைய முறை நீடித்தது. கூலி தராத வீட்டில் மாடு களவுபோகும் என்ற அச்சமும், அதை மீட்கத் 'துப்புக்கூலி' கொடுக்கும் வழக்கமும் இருந்தன.

1896இல் திண்டுக்கல் பகுதி ஊரார் பொது நிதி திரட்டித் தாமே காவலாளிகளை அமர்த்தினர். இந்நிதி 'பண்டு' எனப்பட்டது. ஆனால் களவாடியவர் யார் என்று பாராமல், கள்ளர் குடும்பங்களையே ஊரைவிட்டு விரட்டினர், வீடுகளும் எரிக்கப்பட்டன.

ஃபிரிட்ஸ் லாங் 1931இல் இயக்கிய 'எம்' என்னும் கறுப்பு வெள்ளை ஜெர்மானியத் திரைப்படத்திலும் இச்சிக்கல் உண்டு. குழந்தைகளைக் கொன்றவனைத் திருடர் கூட்டமே பிடித்து விசாரிக்கிறது. தன்னைப் போலீசாரிடம் ஒப்படைக்குமாறு அவன் மன்றாடுகிறான். அங்கே பிடிபட்டவனாவது குற்றவாளி. திண்டுக்கல்லில் குற்றம் செய்யாதவர்களும் தண்டனை பெற்றனர்.

பின்னர் அரசும் அதே தவற்றைச் செய்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர் மீது ஏவப்பட்டது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பிறப்பைக் குற்றமாக்கிய அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது.