திருக்கோவிலூர்ப் பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள்: சேகரிப்பும் சான்றுமதிப்பும்

தமிழகத்தில் கிடைத்த ரோமானிய நாணயங்களைப் பற்றிய ஆய்வில் பொன்னும் வெள்ளியும் பெற்ற கவனத்தில் சிறுபங்கைக்கூடச் செம்பு பெற்றதில்லை. 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் வெளிப்பட்ட 501 பொற்காசுகள் உடனடியாக அறிஞர் பார்வைக்கு வந்து, அயல்நாட்டு அருங்காட்சியகம் வரை சென்று, இன்றும் ஒவ்வொரு வணிக வரலாற்று நூலிலும் இடம்பெறுகின்றன. ஆனால் அமராவதி, வையை, தென்பெண்ணை ஆகிய ஆறுகளின் மணலிலிருந்து நெடுங்காலமாகப் பொறுக்கியெடுக்கப்பட்டு, பழைய பித்தளை வாங்குவோரின் தராசில் எடைக்கு எடையாகப் போன ரோமானியச் செப்புக்காசுகள் எத்தனை என்பதற்குக் கணக்கே கிடையாது. அவற்றுள் தப்பியவை பெரும்பாலும் தனியார் சேகரிப்பாளர் கைக்கு வந்ததால்தான் தப்பின. விலை குறைந்த காசு என்பதாலேயே அவற்றைச் சேர்ப்பது எளிதாயிற்று. அதே காரணத்தால் அவை கிடைத்த இடத்தைக் குறித்துவைக்கும் அக்கறையும் குறைந்துபோயிற்று. செப்புக்காசின் வரலாற்று மதிப்பு ஏறத்தாழ முழுவதும் அதன் கிடைப்பிடத்தைப் பொறுத்தது என்பதையும், அந்தக் கிடைப்பிடச் செய்தி எவ்வகையில் பெறப்பட்டது என்று தரம் பிரிக்காமல் அதைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதையும் திருக்கோவிலூரை முன்வைத்து இக்கட்டுரை வாதிடுகிறது.

இத்துறையின் வரலாறு அலுவலர்களோடும் மறைப்பணியாளர்களோடும் தொடங்குகிறது. தென்னிந்தியாவில் காசு சேர்ப்போருக்கான குறிப்புகளைக் கேப்டன் டஃப்னெல் 1889இல் சென்னையில் நூலாக வெளியிட்டார். மதுரைப் பகுதியில் பணியாற்றிய ஜேம்ஸ் டிரேசி பாண்டியர் காசுகளைத் தேடியபோது ரோமானியச் செப்புக்காசுகளையும் கண்டார். இத்தகையோர் திரட்டிய செய்திகளைத் தொகுத்து 1904இல் விரிவான கட்டுரை எழுதிய இராபர்ட் சூவெல், மதுரையில் ரோமானியர் குடியேறி வாழ்ந்திருக்க வேண்டும் என்றும், தம் அன்றாடச் சில்லறைத் தேவைக்கு அவர்கள் இக்காசுகளைப் பயன்படுத்தினர் என்றும் கருதினார். இம்முடிவு நெடுங்காலம் எடுத்தாளப்பட்டது. பிற்காலத்தில் இக்காசுகளைப் பெருமளவில் திரட்டி, எடையும் அளவும் படமும் தந்து அட்டவணைப்படுத்தியவர் தினமலர் ஆசிரியராக இருந்தவரும் நாணயவியல் அறிஞருமான இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூர், மதுரைக் காசுகளைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1994இல் வந்தது. 2007இல் வெளியான விரிந்த நூலின் தலைப்பில் அவ்விரு ஊர்களோடு திருக்கோவிலூரும் சேர்ந்தது. சேர மூதூரான கரூரும் பாண்டியர் தலைநகரான மதுரையும் எவரும் எதிர்பார்க்கக்கூடிய இடங்களே. மலையமான் என்ற குறுநில மரபின் ஊர் மூன்றாவதாக வந்ததுதான் புதிது.

அது புதிதாயினும் காரணமற்றதன்று. திருக்கோவிலூர் தென்பெண்ணையின் தென்கரையில், கல்வராயன் மலைத் தொடரிலிருந்து கடற்கரைச் சமவெளிக்கு இறங்கும் நிலப்பகுதியில் அமைந்திருக்கிறது. ஆறு இங்கிருந்து கிழக்கே ஓடிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு இதே கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தது. தமிழ் பிராமி எழுத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியைக் குறிக்கும் ஜம்பைக் கல்வெட்டும் திருக்கோவிலூருக்கு அருகிலேயே உள்ளது. மேட்டுநிலத்தையும் துறைமுகத்தையும் இணைத்த பாதையில் இவ்வூர் இருந்தது என்பதை இவை காட்டுகின்றன.

இவ்வகைக் காசு எப்படிப்பட்டது என்பதை ஒன்றை எடுத்துக்காட்டி விளக்கலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அடிக்கடி காணப்படும் ஒரு வகை, குறுக்களவில் 11 முதல் 14 மில்லிமீட்டரும் எடையில் ஏறத்தாழ ஒரு கிராமும் கொண்டது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. முன்புறத்தில் முத்துத் தலைப்பட்டம் அணிந்த அரசரின் தலை வலப்பக்கம் நோக்கியிருக்கும். பின்புறத்தில் சிறகுடைய வெற்றித் தெய்வம் தோளில் போர்வெற்றிச் சின்னத்தைச் சுமந்து, மறுகையால் ஒரு கைதியை இழுத்துக்கொண்டு இடப்பக்கமாக நடக்கும். அதன் முன்னே கிறித்தவக் குறி ஒன்று இருக்கும். சுற்றிலும் 'நாட்டின் நலம்' என்று பொருள்படும் 'சாலூஸ் ரெய்பூப்ளிகே' என்ற இலத்தீன் வாசகம் ஓடும். அடிக்கோட்டுக்குக் கீழே அக்கசாலையின், அதாவது காசு அடிக்கப்பட்ட அரசுப் பட்டறையின், பெயர்ச்சுருக்கம் நிற்கும். அந்தியோக்கியா, கான்ஸ்டாண்டிநோபிள், அலெக்சாந்திரியா, சிசிக்கஸ் முதலிய கீழைப் பட்டறைகளை இதனால் அறிகிறோம். இரண்டாம் வாலண்டினியன், முதலாம் தியோடோசியஸ், ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் ஆகியோர் பெயரில், கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இது அடிக்கப்பட்டது. நடைமுறையில் இத்தனையும் ஒரே காசில் தெரிவது அரிது. ஆற்றுமணலில் உருண்ட காசில் வெற்றித் தெய்வத்தின் கால்மடிப்பும் கைதியின் முதுகுவளைவும் மட்டும் மங்கலாக எஞ்சியிருக்கும். பழகிய கண் அவ்விரு கோடுகளைக்கொண்டே வகையைச் சொல்லிவிடும், ஆனால் அரசர் பெயரைச் சொல்ல அதனாலும் இயலாது.

இந்தக் காலக்கணிப்பு உள்ளூர் வரலாற்றார்வத்துக்கு ஒரு தடையாக நிற்கிறது. திருக்கோவிலூர்ப் பகுதியில் மலையமான் பெயர் பொறித்த செப்புக்காசுகளும் கிடைத்துள்ளன. அவற்றில் காணப்படும் குதிரை, காரி என்ற குதிரைக்கும் திருமுடிக்காரி என்ற வள்ளலுக்கும் பெயர்பெற்ற மரபுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஒரே ஆற்றில் மலையமான் காசும் ரோமானியக் காசும் கிடைப்பதைக் கண்டதும், காரியின் அவைக்கு யவனர் வந்ததாகக் காட்சி புனைவது எளிது. ஆனால் ஆற்றுமணல் அகழாய்வுக் குழியின் மண்ணடுக்கைப் போன்றதன்று. ஒவ்வொரு வெள்ளமும் அதைப் புரட்டிப்போடுகிறது. சங்க காலம் என்று பொதுவாகக் கொள்ளப்படும் காலத்துக்கு நூற்றாண்டுகள் பிந்தியவையே இந்தச் சிறிய செப்புக்காசுகள். எனவே இவை மலையமான்களின் செல்வத்துக்குச் சான்றாக மாட்டா. சங்க காலத்துக்கும் பல்லவர் எழுச்சிக்கும் இடைப்பட்ட, களப்பிரர் காலம் என்று பெயரிட்டு இருளில் ஒதுக்கப்பட்ட நூற்றாண்டுகளில் பெண்ணைக் கரையில் காசுப் புழக்கம் இருந்ததா என்ற கேள்விக்கே இவை விடைதரக்கூடும். உள்ளபடியே இது முன்னதைவிடக் கனமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஆம் என்ற விடையே பொருத்தமானது. ஒரு கிராம் செம்புக்காகச் செங்கடல் கடந்து எவரும் சரக்கேற்றியிருக்க மாட்டார். கப்பலோடு வந்த சில்லறை கரையில் தங்கி, சிறுகாசுப் பற்றாக்குறை நிலவிய சந்தையில் புழங்கியது என்று கொள்வதே இயல்பு. இக்காசுகளில் காணப்படும் மிகுந்த தேய்மானத்தில் ஒரு பகுதியேனும் இதனால் விளங்குகிறது. இலங்கையில் இதே காசுகளைப் பார்த்து அடித்த போலிக்காசுகள் பெருமளவில் கிடைத்திருப்பது இன்னும் வலுவான சான்று; ஏனெனில் எழுத்தறியாத கம்மியர் ரோமானிய உருவங்களைக் கோடுகளாகச் சிதைத்து அடித்த காசும் அங்கே செல்லுபடியாயிற்று. வாங்குவோரும் விற்போரும் அளவையும் வடிவத்தையும் பார்த்தார்களேயன்றி அரசர் பெயரைப் படிக்கவில்லை. சூவெல் கற்பித்த ரோமானியக் குடியேற்றம் இதற்குத் தேவையே இல்லை.

இவ்வளவு பெரிய முடிவு 'திருக்கோவிலூரில் கிடைத்தது' என்ற ஒற்றைத் தொடரின்மேல் நிற்கிறது என்பதால் அத்தொடரை ஆராய்வது கட்டாயமாகிறது. அழகன்குளத்தில் அகழாய்வில் கிடைத்த பிற்கால ரோமானியக் காசுக்குக் குழியும் ஆழமும் உடன்கிடைத்த பானையோடும் உண்டு. ஆற்றில் பொறுக்கியவரிடமே நேரில் வாங்கிய காசுக்கு ஆற்றின் பெயரும் ஏறத்தாழ ஓர் இடமும் உண்டு. வணிகரின் தட்டிலிருந்து வந்த காசுக்கு இருப்பது வணிகரின் சொல் மட்டுமே. கரூர்க் காசுக்கு நல்ல விலை என்று தெரிந்தால் எல்லாக் காசும் கரூர்க் காசாகிவிடும் என்பது சேகரிப்பாளர் அனைவரும் அறிந்ததே. இம்மூன்றையும் ஒரே வரைபடத்தில் ஒரே புள்ளியாகக் குறிப்பது தவறு. அட்டவணைகள் வகையையும் அக்கசாலையையும் நுணுக்கமாகத் தருகின்றன; ஒவ்வொரு காசும் கைக்கு வந்த வழியையும் அதே நுணுக்கத்தோடு தந்தால்தான் அவற்றின்மேல் கட்டப்படும் வரலாறு நிலைக்கும்.

அண்மைக் காலத்தில் இச்சிக்கல் இன்னொரு முனையிலும் கூர்மையடைந்திருக்கிறது. டான்யூப் ஆற்றங்கரை நாடுகளில், ரோமானியப் படைகள் முகாமிட்டிருந்த நிலங்களிலிருந்து உலோகங்காட்டிக் கருவிகளால் தோண்டியெடுக்கப்பட்ட செப்புக்காசுகள், மண்கூடப் போகாமல் மொத்தமாக உலகச் சந்தையில் மிக மலிவாக விற்கப்படுகின்றன. அவற்றில் ஒரு பிடி தமிழகத்துத் தட்டொன்றில் கலந்துவிட்டால், அடுத்த தலைமுறை அவற்றையும் பெண்ணையாற்றுக் காசாகவே எண்ணும். சில அடையாளங்கள் எச்சரிக்கை செய்ய உதவும். ஐரோப்பிய மண்ணிலிருந்து வருபவற்றில் கான்ஸ்டான்டைன் குடும்பத்தாரின் சற்றுப் பெரிய காசுகளும் சிசியா போன்ற பால்கன் அக்கசாலைகளும் மிகுதி. அடர்ந்த பச்சைக் களிம்பும் தேயாத எழுத்தும் காணப்படும். தென்னிந்திய ஆற்றுக்காசுகளோ பெரும்பாலும் பிந்தியவை, சிறியவை, மணலில் தேய்ந்து வழவழப்பானவை. ஆயினும் இவை ஐயத்தை எழுப்பப் பயன்படுமேயன்றித் தீர்ப்பாகா. போதாக்குறைக்கு, செப்புக்குடத்தைத் துலக்குவதுபோல் காசையும் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பழக்கம் அந்தக் களிம்புச் சான்றையும் அழித்துவிடுகிறது.

சட்டமும் இக்காசுகளுக்கு நெடுநாள் துணையாக இருக்கவில்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. பொற்காசுப் பானை எளிதில் இவ்வரம்புக்குள் வந்தது. மணலில் தனித்தனியே கிடைத்த செப்புக்காசு, சட்டம் எழுதப்பட்ட காலத்திலும் அதற்குப் பின் பல பத்தாண்டுகளிலும் எவ்வரம்புக்கும் எட்டாமல் நழுவியது. நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள நாணயத்தைத் தொல்பொருளாகக் கொள்ளும் 1972ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் இன்றி அவற்றை விற்கும் தொழிலையும் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதையும் தடுக்கிறது. ஆனால் தன் பெட்டியில் உள்ள காசு எங்கிருந்து வந்தது என்று எழுதிவைக்கும் பழக்கத்தை எந்தச் சட்டமும் உண்டாக்கிவிடாது.

சேகரிப்பாளரைக் குற்றவாளியாக்கி இச்சிக்கலைத் தீர்க்க முடியாது. அவர் வாங்கியிராவிட்டால் இக்காசுகளின் பெரும்பகுதி குத்துவிளக்காகவும் அண்டாவாகவும் உருகியிருக்கும். அவரிடம் எதிர்பார்க்க வேண்டியது எளியது: ஒவ்வொரு காசுக்கும் தனி உறை, எடை, குறுக்களவு, இருபுற ஒளிப்படம், வாங்கிய நாள், விற்றவர் சொன்ன இடம், அச்சொல்லை நம்பக் காரணம் உண்டா என்ற குறிப்பு. கிடைப்பிடம் அறியப்படாத காசு வகைப்பாட்டுக்கும் உலோகச் சேர்க்கையைச் சோதிப்பதற்கும் மாணவர்க்கு எழுத்துப் படிக்கக் கற்பிப்பதற்கும் குறைவின்றிப் பயன்படும்; தென்பெண்ணைப் படுகையின் கிடைப்பிட வரைபடத்தில் மட்டும் அதற்கு இடம் தரலாகாது.