இம்ஹாஃப் தொட்டி

இம்ஹாஃப் தொட்டி என்பது சிற்றூர்களின் கழிவுநீரை முதற்கட்டமாகத் தெளியவைக்கும் ஈரடுக்குத் தொட்டி. மேலறையில் கசடு நீரிலிருந்து பிரியும். கீழறையில் அது காற்றில்லாச் சூழலில் செரிக்கும். ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் இம்ஹாஃப் (1876–1965) 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் ‘எம்ஷர் கிணறு’ என வழங்கும். சுமார் 50 முதல் 20,000 பேர் வரை வாழும் ஊர்களுக்கு ஏற்றது எனக் கையேடுகள் கூறுகின்றன.

அமைப்பு

மேலறையின் அடித்தளம் 50 முதல் 60 பாகை சாய்வுள்ள இரு சரிவுகளால் ஆனது. அவை நெருங்கும் இடத்தில் 15 முதல் 30 செ.மீ. அகல இடுக்கு விடப்படும். படியும் கசடு சரிவில் வழுக்கி இடுக்கின் வழியே கீழறைக்குள் இறங்கும். ஒரு சரிவின் விளிம்பு மற்றதன் கீழே சற்று நீண்டிருக்கும். கசடு செரிக்கும்போது கிளம்பும் வாயுக் குமிழ்கள் அந்த விளிம்பில் தட்டுப்பட்டு, பக்கத்திலுள்ள வாயுப்போக்கி வழியாக வெளியேறிவிடும். தெளிந்துகொண்டிருக்கும் நீரைக் கலக்காது. இம்ஹாஃபின் திறமை முழுவதும் கை நீளம்கூட இல்லாத இந்த விளிம்பில்தான் இருக்கிறது எனலாம்.

நீர் மேலறையில் 2 முதல் 4 மணி நேரமே தங்கும். கசடு கீழறையில் 4 முதல் 12 மாதம் வரை கிடக்கும். செரித்த கசட்டைத் தொட்டிநீரின் அழுத்தமே குழாய் வழியாக மேலே தள்ளிவிடும். இயந்திரம் எதுவும் தேவையில்லை. நீரில் தொங்கிநிற்கும் திண்மத்தில் 50 முதல் 70 விழுக்காடு நீங்கும். கரைந்துள்ள மாசு பெரும்பாலும் எஞ்சுவதால், வெளியேறும் நீரைச் சொட்டு வடிகட்டியிலோ குளத்திலோ மேலும் சுத்திகரிக்க வேண்டும்.

முன்னோடிகள்

பிரான்சின் வெசூல் நகரில் ழான்-லூயி முராஸ் 1860 வாக்கில் அமைத்த மூடிய தொட்டியே செப்டிக் டேங்கின் தொடக்கம் என்பது வழக்கமான கூற்று. அதற்கு அவர் காப்புரிமை பெற்றது 1881இல்தான்.

1895–1915

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன் 1895இல் கட்டிய மூடிய தொட்டி பரவலான கவனத்தைப் பெற்றது. அதில் ஊறிய வாயுவைக் கொண்டு விளக்கெரித்தார்கள். அந்தக் கால அறிக்கைகளில் தொட்டியைவிட விளக்கே முதலில் கண்ணில் படுகிறது. எனினும் ஒரே அறையில் படிதலும் செரித்தலும் நடந்ததால், குமிழ்கள் கசட்டைக் கிளப்பி வெளியேறும் நீரோடு சேர்த்தன.

இரண்டையும் பிரிக்கும் யோசனை யாருடையது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. மாசசூசெட்ஸின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹெச். டபிள்யூ. கிளார்க் 1899இல் கசட்டைத் தனித் தொட்டியில் செரிக்கவைக்கலாம் என்றார். லண்டனுக்கு அருகிலுள்ள ஹாம்ப்டனில் டபிள்யூ. ஓ. டிராவிஸ் 1904 வாக்கில் ஈரறைத் தொட்டியை இயக்கினார். அதில் கழிவுநீரின் ஒரு பகுதி கசட்டறை வழியாகவும் ஓடியது. இம்ஹாஃப் அந்த ஓட்டத்தை முற்றிலும் நிறுத்தினார். அவருடையதை டிராவிஸ் தொட்டியின் திருத்தம் என்போரும் உண்டு, தனிக் கண்டுபிடிப்பு என்போரும் உண்டு.

களம் ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதி. அங்கே சுரங்கங்களால் நிலம் அமிழ்ந்து எம்ஷர் ஆறு தேங்கியது. புதைகுழாய்கள் உடைந்துபோகும் என்பதால் திறந்த வாய்க்கால்களே வெட்டப்பட்டன. 1899இல் ஊராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் கூடி எம்ஷர் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவின. 1901இல் கெல்சன்கிர்ஷெனில் பரவிய டைஃபாய்டு இப்பணியின் அவசரத்தை உணர்த்தியது. இம்ஹாஃப் 1906இல் இச்சங்கத்தில் சேர்ந்தார். சுரங்க ஊர்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டிகள் எழுந்தன. நன்கு செரித்த கசடு கருநிறமாகவும் தார் வாசனையோடும் இருக்கும், துர்நாற்றம் வீசாது, மணற்படுகையில் விரைவில் காயும் என்று அக்காலப் பொறியாளர்கள் வியப்போடு குறித்துள்ளனர்.

அமெரிக்காவில் தொட்டி வேகமாகப் பரவியதற்குக் காப்புரிமைச் சண்டையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கேமரனின் காப்புரிமையை வைத்திருந்த நிறுவனம் செப்டிக் டேங்க் கட்டிய ஊர்களிடம் உரிமைத்தொகை கேட்டது. 1908இல் சரட்டோகா ஸ்பிரிங்ஸ் வழக்கில் அதற்குச் சாதகமான தீர்ப்பும் கிடைத்தது. அயோவா மாநிலத்துச் சிறு நகரமான நாக்ஸ்வில் தொடர்புடைய வழக்கில் 1913இல் உச்ச நீதிமன்றம், பிரிட்டிஷ் காப்புரிமை காலாவதியானபோதே அமெரிக்க உரிமையும் முடிந்துவிட்டது என்றது. இதற்கிடையே 1911இல் நியூஜெர்சியின் மேடிசன்–சாத்தமில் இம்ஹாஃப் தொட்டி வந்துவிட்டது. அமெரிக்காவில் அதுவே முதலாவது எனப் பெரும்பாலும் கருதப்படுகிறது. இம்ஹாஃபும் உரிமைத்தொகை பெற்றார்.

இந்தியா

பம்பாய் மாதுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் கழிவுநீர்த் தொட்டியின் வாயு எரிபொருளாகப் பயன்பட்டது. இது 1859இல் நடந்ததாகப் பல நூல்கள் எழுதுகின்றன. இல்லமே 1890இல்தான் தொடங்கப்பட்டதால் 1897 என்ற தேதி பொருத்தமாகத் தோன்றுகிறது. வங்கத்தில் ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகளின் செப்டிக் டேங்க் நீர் ஆற்றில் கலந்தது சர்ச்சையானது. டபிள்யூ. டபிள்யூ. கிளமேஷா வெப்பமண்டலக் கழிவுநீர் அகற்றம் பற்றி 1910இல் நூல் வெளியிட்டார்.

பிற்காலம்

1914இல் அறிமுகமான உயிர்க்கசடு முறையும், பின்னர் வந்த சூடேற்றிய தனிச் செரிப்பான்களும் பெரிய நகரங்களில் இத்தொட்டியை ஓரங்கட்டின. சிகாகோவின் மேற்குக் கழிவுநீர் நிலையம் 1930 வாக்கில் இதையே பெருமளவில் கட்டியது விதிவிலக்கு. 1954இல் நெதர்லாந்தின் வூர்ஸ்கோட்டனில் பாஸ்வீர் அமைத்த ஆக்சிஜனேற்றக் கால்வாய் சிற்றூர்களிலும் போட்டிக்கு வந்தது.

இத்தாலியின் சிற்றூர்களில் இன்றும் பல தொட்டிகள் இயங்குகின்றன. இந்தோனேசியாவில் மலக்கசடு நிலையங்களில் கட்டப்பட்டன. பழுதுக்கு வழக்கமான காரணம் கவனிப்பின்மையே: மிதக்கும் ஏட்டை நாள்தோறும் அள்ள வேண்டும், கசடு இடுக்கை எட்டுமுன் இறக்க வேண்டும். தவறினால் வாயுப்போக்கியில் நுரை பொங்கும்.

எம்ஷர் ஆற்றை மீட்கும் திட்டம் 1992இல் தொடங்கியது. புதைகுழாய்க் கால்வாய் 2021 இறுதியில் முழுமையடைந்தபின் ஆற்றில் கழிவுநீர் விடப்படுவதில்லை. அப்பகுதியின் கழிவுநீர் இப்போது பெரிய நிலையங்களுக்கே செல்கிறது.