வீட்டுத் தூசு உறிஞ்சி

வீட்டுத் தூசு உறிஞ்சி என்பது தரை, கம்பளம், மெத்தை, திரைச்சீலை முதலியவற்றில் படிந்த தூசையும் சிறு குப்பைகளையும் காற்றழுத்த வேறுபாட்டின் மூலம் உறிஞ்சி ஒரு பையிலோ கலனிலோ சேர்க்கும் மின்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது வாக்குவம் கிளீனர் என்றே வழங்குகிறது. பிரித்தானியாவில் ஹூவர் என்ற வணிகப்பெயரே இக்கருவிக்கும், இதனைக் கொண்டு துப்புரவு செய்யும் செயலுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

இக்கருவிக்கு இரண்டு பணிகள் உண்டு. ஒன்று, தூசை அது படிந்த இடத்திலிருந்து எடுப்பது. மற்றது, எடுத்த தூசை மீண்டும் அறைக்குள் விடாமல் பிடித்து வைப்பது. விற்பனையில் முதலாவது பணியே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் தவழும் குழந்தைகளோ, ஆஸ்துமா (ஈழை நோய்) உள்ளவர்களோ வாழும் வீட்டில் இரண்டாவது பணியும் அதே அளவு முக்கியமானது. நன்கு மூடப்படாத கருவி, தரையில் அசையாமல் கிடந்த நுண்தூசை மூச்சுக்காற்றில் கலக்கும் கருவியாக மாறிவிடக் கூடும்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் துருத்தியைக் கொண்டோ கைப்பிடியைச் சுழற்றியோ இயக்கப்பட்ட துப்புரவுக் கருவிகள் அமெரிக்காவில் உருவாயின. டேனியல் ஹெஸ் 1860இல் துருத்தி கொண்ட கம்பளத் துடைப்பான் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1869இல் ஐவ்ஸ் மக்கஃபி என்பவரின் கையால் சுழற்றும் கருவி காப்புரிமை பெற்றது.

1901இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத், தூசை ஊதி அகற்றுவதற்கு மாறாக, அதனை உறிஞ்சி வடிகட்டியில் தேக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் எந்திரத்தால் இயங்கிய அக்கருவி குதிரை வண்டியில் கொண்டு செல்லப்பட்டது. வண்டி தெருவில் நிற்க, நீண்ட குழாய்கள் சாளரங்கள் வழியே வீட்டினுள் செலுத்தப்பட்டன. 1902இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன்னர் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் கம்பளங்களைத் துப்புரவு செய்ய இது பயன்பட்டது.

தனியொருவர் கையாளக்கூடிய மின்சாரக் கருவி பரவக் காரணமானவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள கேன்டன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் மறி ஸ்பாங்ளர். ஒரு கடையில் துப்புரவுப் பணியாளராக இருந்த அவர் ஆஸ்துமாவால் அவதிப்பட்டார். தாம் பயன்படுத்திய கம்பளத் துடைப்பான் கிளப்பிய தூசே அதனை மோசமாக்குவதாகக் கருதி, 1907இல் மின்விசிறியின் மின்னோடி, துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு ஒரு கருவியை அமைத்தார். 1908இல் காப்புரிமை பெற்ற பின் அதன் உரிமையை வில்லியம் ஹென்றி ஹூவரின் நிறுவனத்துக்கு விற்றார். தூசைப் பிடித்து வைக்கும் தேவையே இக்கருவியின் பிறப்புக்குக் காரணமாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1921இல் சுவீடனின் எலெக்ட்ரோலக்சு நிறுவனம் தரையில் இழுத்துச் செல்லத்தக்க உருளை வடிவக் கருவியை வெளியிட்டது. பையில்லாமல் சுழற்காற்றால் தூசைப் பிரிக்கும் டிசி01 என்ற கருவியை ஜேம்ஸ் டைசன் 1993இல் பிரித்தானியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னர் அவர் 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்ததாகக் கூறப்படுகிறது. 2002இல் ஐரோபாட் நிறுவனத்தின் ரூம்பா வெளிவந்தபின் தானாக நகரும் கருவிகள் பரவலாயின.

இயங்கும் முறை

மின்னோடியால் சுழலும் விசிறி கருவியின் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. இதனால் உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று முகப்பு வழியே விரைந்து புகுந்து தூசையும் உடன் கொண்டு செல்கிறது. பையோ கலனோ தூசைத் தேக்குகிறது. காற்று வடிகட்டியைக் கடந்து வெளியேறுகிறது. பெயரில் வெற்றிடம் என்ற சொல் இருப்பினும் உள்ளே முழு வெற்றிடம் உண்டாவதில்லை. கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாசுக்கல் ஆகும். வழக்கமான வீட்டுக் கருவி, காற்று புகும் வழி முழுதும் அடைபட்ட நிலையில், இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே குறைக்கிறது.

ஆற்றல் அளவீடுகள்

உள்ளீட்டு ஆற்றல்: கருவி எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவு. இது வாட்டில் தரப்படும். இது மின்கட்டணத்தோடு தொடர்புடையதே அன்றி, துப்புரவுத் திறனின் அளவு அன்று. அமெரிக்காவில் இதற்குப் பதிலாக ஆம்பியர் அளவைக் குறிப்பதுண்டு. 120 வோல்ட்டில் இயங்கும் 12 ஆம்பியர் கருவி 1,440 வாட்டு மின்சாரத்தை எடுக்கும் என்பதே அதன் பொருள்.

உறிஞ்சழுத்தம்: காற்று புகும் வழியை முழுதும் அடைத்த நிலையில் கருவி உண்டாக்கும் அழுத்தக் குறைவு. இது கிலோபாசுக்கலில் தரப்படும்.

காற்றோட்டம்: ஒரு வினாடியில் கருவியைக் கடக்கும் காற்றின் கன அளவு. தூசைச் சுமந்து செல்வது இதுவே.

காற்று வாட்டு: அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் பெருக்கிக் கிடைக்கும் பயனுறு ஆற்றல். எடுத்துக்காட்டாக, 10 கிலோபாசுக்கல் அழுத்தத்தில் வினாடிக்கு 20 லிட்டர் காற்று சென்றால் அது 200 காற்று வாட்டு ஆகும்.

அழுத்தம் மிக உயரும்போது காற்றோட்டம் சுழியாகும். காற்றோட்டம் மிக உயரும்போது அழுத்தம் குறையும். இரண்டின் உச்ச அளவுகளும் ஒரே வேளையில் கிடைப்பதில்லை. ஆதலால் ஒன்றை மட்டும் கொண்டு கருவிகளை ஒப்பிடுதல் பொருந்தாது.

வாட்டு அளவு திறனைக் காட்டாது என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் சான்றாகும். 2014 செப்டம்பரில் வீட்டுக் கருவிகளின் உள்ளீட்டு ஆற்றலுக்கு 1,600 வாட்டு என்ற வரம்பு விதிக்கப்பட்டது. 2017 செப்டம்பரில் அது 900 வாட்டாகக் குறைக்கப்பட்டது. முகப்பையும் காற்றுவழியையும் திருத்தியமைத்துக் குறைந்த மின்சாரத்தில் துப்புரவு செய்யும் கருவிகளை நிறுவனங்கள் வெளியிட்டன. அதே விதிகள் இரைச்சலை 80 டெசிபெலுக்கும், வெளியேறும் காற்றில் தப்பும் தூசை 1 விழுக்காட்டுக்கும் மிகாமல் இருக்கக் கோரின.

வகைகள்

உருளை வகை: மின்னோடியும் பையும் சக்கரங்கள் உள்ள பெட்டியில் இருக்க, நீண்ட குழாய் மட்டும் கையில் இருக்கும். மாடிப்படி, கட்டிலின் அடிப்பகுதி, திரைச்சீலை ஆகியவற்றுக்கு ஏற்றது. ஐரோப்பாவில் மிகுதி.

நிமிர் வகை: மின்னோடி, பை, முகப்பு யாவும் ஒரே தண்டில் அமைந்தது. சுழலும் தூரிகை கம்பள இழைகளைக் கிளறித் தூசை எடுக்கும். சுவர் முதல் சுவர் வரை கம்பளம் விரித்த வீடுகளுக்கு ஏற்றது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் மிகுதி.

குச்சி வகை: மின்கலத்தால் இயங்கும் இலகுவான கருவி. பெரும்பாலானவை 2 முதல் 3 கிலோகிராம் எடை கொண்டவை. விளம்பரத்தில் தரப்படும் இயங்குநேரம் பொதுவாகக் குறைந்த விசைக்கு உரியது. உச்ச விசையில் அது சில நிமிடங்களாகச் சுருங்கும். மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்லத் திறன் இழக்கும் ஆதலால் அதனை மாற்ற இயலுமா என்பது முக்கியம்.

ஈர-உலர் வகை: நீரையும் உறிஞ்ச வல்லது. பட்டறை, வாகனம், நீர் கசிந்த இடம் ஆகியவற்றுக்கு உரியது. பருமனும் இரைச்சலும் மிகுதி.

தானியங்கி வகை: தானே நகர்ந்து நாள்தோறும் மேற்பரப்புத் தூசை அகற்றும். படிக்கட்டு ஏறாது, மெத்தை, இருக்கை ஆகியவற்றைத் துப்புரவு செய்யாது. எனவே பெரும்பாலும் இரண்டாவது கருவியாகவே பயன்படுகிறது.

பையும் பையிலாக் கலனும்

பை உள்ள கருவியில் காகிதத்தாலோ செயற்கை இழையாலோ ஆன பையே முதல் வடிகட்டியாகவும் அமைகிறது. நிறைந்ததும் வாயை மூடி அப்படியே எறிந்துவிடலாம் என்பதால், தூசு கையிலும் காற்றிலும் படுவது குறைவு. பைகளைத் தொடர்ந்து வாங்க வேண்டியிருப்பது இதன் குறையாகும். உரிய பை உள்ளூரில் கிடைக்காவிடின் கருவியே பயனற்றுப் போகும்.

பையிலாக் கருவியில் காற்று வேகமாகச் சுழற்றப்படுவதால் கனமான துகள்கள் விளிம்புக்கு ஒதுங்கிக் கலனில் விழுகின்றன. பைச் செலவு இல்லை. ஆனால் மிக நுண்ணிய துகள்களைப் பிடிக்க இதற்கும் வடிகட்டி தேவை. மேலும், கலனைக் கொட்டும்போது எழும் தூசைக் கொட்டுபவர் சுவாசிக்க நேரிடும். ஆகையால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பை உள்ள கருவியே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

வடிகட்டியும் மூடுதிறனும்

நுண்துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி ஹெப்பா எனப்படுகிறது. அமெரிக்க வரையறையின்படி இது 0.3 மைக்கிரோமீட்டர் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பிய வரையறையில் எச்13 தரம், பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகள்களில் 99.95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். மனித மயிரின் தடிமன் 50 முதல் 100 மைக்கிரோமீட்டர் வரை இருப்பதைக் கொண்டு இத்துகள்களின் நுண்மையை உணரலாம்.

"ஹெப்பா வகை", "ஹெப்பா போன்றது" என்னும் தொடர்கள் எத்தரத்தையும் உறுதி செய்வதில்லை. உண்மையான ஹெப்பா வடிகட்டி இருந்தாலும், கருவியின் மூடியிலும் இணைப்புகளிலும் இடுக்கு இருப்பின் காற்று வடிகட்டியைச் சுற்றி வெளியேறிவிடும். எனவே வடிகட்டியின் தரத்தோடு, கருவி முழுவதும் மூடப்பட்டதாகச் சோதிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

குடும்பத்துக்கு ஏற்பத் தெரிவு செய்தல்

தரை: கம்பளம் மிகுதியாக இருப்பின் சுழல்தூரிகை தேவை. ஓடு, கல், மரம் ஆகிய தரைகளில் அத்தூரிகை மணலைச் சிதறடிக்கும். மரத்தரையில் கீறலும் விழலாம். இரண்டும் உள்ள வீட்டுக்குத் தூரிகையை நிறுத்தும் வசதி உள்ள கருவி பொருத்தமானது.

குழந்தைகள்: தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைப்பதால் தரைத்தூசு நேரே உடலில் சேர்கிறது. அமெரிக்காவில் 1978இல் வீடுகளில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு தடை செய்யப்பட்டது. அதற்கு முந்திய வீடுகளில் பழைய பூச்சு உதிர்ந்து ஈயத்தூசு உண்டாகலாம். அதனைச் சாதாரணக் கருவியால் உறிஞ்சுதல் தீங்கானது. ஹெப்பா வடிகட்டி கொண்ட தனிக்கருவி தேவை.

ஆஸ்துமா, ஒவ்வாமை: மூடிய அமைப்பும், உண்மையான ஹெப்பா வடிகட்டியும், பையும் உள்ள கருவி தகும். துப்புரவுப் பணியை நோயாளி செய்யாமல், வீட்டில் வேறொருவர் செய்வது நன்று. பணி முடிந்த பின்னும் சிறிது நேரம் நோயாளி அவ்வறையைத் தவிர்க்க வேண்டும்.

வளர்ப்பு விலங்குகள்: நாய், பூனை ஆகியவற்றின் மயிர் தூரிகையில் சுற்றிக்கொள்ளும். தூரிகையை எளிதில் கழற்றிச் சுத்தம் செய்ய இயலுமா என்று பார்க்க வேண்டும்.

முதியோர், மாடி வீடு: எடை, கைப்பிடியின் உயரம், மின்வடத்தின் நீளம் ஆகியன விசையை விட முக்கியமாகலாம். தூக்க முடியாத கருவி பயன்படுத்தப்படாமலே போகும்.

செலவு: வாங்கும் விலையோடு பை, வடிகட்டி, மின்கலம் ஆகியவற்றின் தொடர்செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எல்லைகள்

தூசு உறிஞ்சி எல்லாத் தீங்கையும் அகற்றுவதில்லை. ஒவ்வாமைக்குக் காரணமான வீட்டுத் தூசு உண்ணிகள் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீளமுள்ளவை. இழைகளை இறுகப் பற்றிக்கொள்பவை. உறிஞ்சும்போது அவற்றின் கழிவும் உதிர்ந்த தோல்துகளும் ஓரளவு அகலும். உயிருள்ள உண்ணிகள் பெரும்பாலும் தங்கிவிடும். படுக்கை விரிப்புகளை 60 பாகை செல்சியசில் துவைப்பது அவற்றைக் கொல்லும். உண்ணிகளைக் கட்டுப்படுத்தும் முறைகள் ஆஸ்துமாவைக் குறைத்ததாகச் சான்று இல்லை என்று 2008இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு முடிவு கூறியது. எனவே எக்கருவியும் மருத்துவத்துக்கு மாற்றாகாது.

கம்பளம் இல்லாத ஓட்டுத்தரையில் துடைப்பமும் ஈரத்துணியுமே பெரும்பாலான தேவைக்குப் போதும். இந்தியாவில் 1982இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் வீடுவீடாகச் சென்று இக்கருவியை விற்றுப் பரப்பியது. கம்பளம் அரிதான இத்தகைய வீடுகளில் மெத்தை, பஞ்சு இருக்கை, சாளர வலை, மின்விசிறி இறக்கை ஆகியவையே இக்கருவிக்கு உரிய இடங்கள். இவ்வீடுகளுக்குச் சுழல்தூரிகையை விட நீண்ட குழாயும் சிறு முகப்புகளுமே பயன் தரும்.

பராமரிப்பும் பாதுகாப்பும்

பை முழுதும் நிறையும் முன்னரே மாற்ற வேண்டும். நிறைந்த பை காற்றோட்டத்தைக் குறைத்து மின்னோடியைச் சூடேற்றும். கழுவத்தக்க வடிகட்டியை முற்றிலும் உலர்ந்த பின்னரே பொருத்த வேண்டும். உலர் வகைக் கருவியால் நீரை உறிஞ்சினால் மின்தாக்கு நேரலாம். சூடான சாம்பல், அணையாத ஊதுவத்தித் துண்டு, கண்ணாடிச் சில்லு ஆகியவற்றை உறிஞ்சக் கூடாது. சிமெந்து, சுவர்ப்பூச்சுத் தூசு முதலிய மிக நுண்ணிய பொடிகள் வீட்டுக் கருவியின் வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். அடைப்பை நீக்கும் முன்னும் தூரிகையைத் தொடும் முன்னும் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

துடைப்பம்
ஈழை நோய்
வீட்டுத் தூசு உண்ணி
காற்று வடிகட்டி

பகுப்பு: வீட்டுக் கருவிகள்